மேக்னட்ல பிடிச்சு திரும்ப எடுக்கிற பல்லேடியம் கேட்டலிஸ்ட்: இரும்பு உப்புல இருந்து அஞ்சாவது ரீயூஸ் வரைக்கும்

எங்க லேப்புக்கு புராஜெக்ட் பண்ண வர்ற பசங்க நிறைய பேர் இந்த வேலையைத்தான் ஆசையா கேப்பாங்க. ஃப்ளாஸ்க் ஓரத்துல மேக்னட்டை வெச்சா கறுப்புத் தூள் மொத்தமும் ஒரு பக்கமா ஒதுங்கிடும், மேல இருக்கிறதை ஊத்தினா போதும், ஃபில்டரும் வேணாம் சென்ட்ரிஃபியூஜும் வேணாம். பார்க்க ரொம்ப ஈஸியா இருக்கும். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல வெச்சுக்கோங்க, மேக்னட் இழுக்கிறது இரும்பு ஆக்சைடை, ரியாக்‌ஷனை நடத்துறது பல்லேடியம். இந்த ரெண்டும் கடைசி வரைக்கும் ஒண்ணாவே இருக்கான்னு ஒவ்வொரு ஸ்டெப்லயும் செக் பண்ணணும், அதை விட்டவங்க எல்லாரும் மூணு மாசம் கழிச்சு திரும்ப முதல் ஸ்டெப்புக்கு வந்திருக்காங்க. கீழ சொல்றது மேக்னடைட் (அந்த இரும்பு ஆக்சைடு), அதுக்கு மேல சிலிக்கா, அதுக்கு மேல அமீன் (பல்லேடியத்தை பிடிச்சுக்கற நைட்ரஜன் குரூப்), அதுல பல்லேடியம்ங்கிற வரிசை.

1. கையில எடுத்து வெச்சுக்க வேண்டியது

ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட், 25% அமோனியா, டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் (இனிமே டியோஸ்), அமினோபுரோபில் ட்ரைஎத்தாக்ஸிசிலேன் (இனிமே ஆப்டெஸ்), ட்ரை (தண்ணி இல்லாத) டொலுவின், பல்லேடியம் அசிடேட், சோடியம் போரோஹைட்ரைடு, அசிட்டோநைட்ரைல், எத்தனால். நைட்ரஜன் லைன் கண்டிப்பா வேணும். பாத் சோனிகேட்டர் (ஒலி அலையால துகளைப் பிரிக்கிற தொட்டி) வேணும்.

மேல இருந்து சுத்துற மெக்கானிக்கல் ஸ்டிரர் ஒண்ணு புக் பண்ணி வெச்சுக்கோங்க. சாதாரண மேக்னடிக் ஸ்டிர் பாரை உள்ள போட்டா நீங்க செய்யற தூள் எல்லாம் அது மேலயே போய் முடி மாதிரி ஒட்டிக்கும், சொல்யூஷன்ல ஒண்ணும் இருக்காது. புதுசா வர்றவங்க முதல் நாளே பண்ற தப்பு இதுதான்.

மேக்னட்டுக்கு நியோடிமியம் பிளாக், சுமார் ஒரு இன்ச் சைஸ் போதும். ரெண்டு பிளாக்கை ஒரே டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்க, நடுவுல விரல் மாட்டினா நசுங்கிடும். பேஸ்மேக்கர் வெச்சவங்க பக்கத்துல எடுத்துட்டுப் போகவே கூடாது.

ஃபெரஸ் குளோரைடு பாட்டிலை திறந்து கலரை பாருங்க. வெளிர் பச்சையா இருந்தா நல்லது. பழுப்பா, துரு மாதிரி இருந்தா அது ஏற்கனவே ஃபெரிக்கா மாறிடுச்சு, நீங்க எவ்வளவு கரெக்டா எடை போட்டாலும் விகிதம் தப்பாத்தான் வரும். புது பாட்டில் வாங்கிட்டு ஆரம்பிங்க.

2. மேக்னடைட் செய்யறது

100 மி.லி. டிஸ்டில்டு வாட்டர்ல அரை மணி நேரம் நைட்ரஜன் விடுங்க. அதுக்கு அப்புறம்தான் உப்பு போடணும், முன்னாடி போட்டுட்டு அப்புறம் நைட்ரஜன் விட்டா அதுக்குள்ள தண்ணில இருக்கிற ஆக்சிஜன் ஃபெரஸை தொட ஆரம்பிச்சிடும்.

ஃபெரிக் உப்பு 5.4 கிராம், ஃபெரஸ் உப்பு 2.0 கிராம். அதாவது 20 மில்லிமோலுக்கு 10 மில்லிமோல், ரெண்டுக்கு ஒண்ணு. மேக்னடைட் உள்ள இரும்பு இருக்கிற விகிதமே இதுதான். சிலர் ஃபெரஸ் ஆக்சிடைஸ் ஆகிடுமேன்னு கொஞ்சம் அதிகமா போடுவாங்க, நைட்ரஜன் சரியா இருந்தா அது தேவையில்லை.

70 டிகிரிக்கு சூடு பண்ணி, ஸ்டிரரை நல்ல வேகத்துல வெச்சு, 20 மி.லி. அமோனியாவை கடகடன்னு ஊத்துங்க, சொட்டு சொட்டா வேணாம். ஏன்னா மொத்த சொல்யூஷன்லயும் ஒரே நேரத்துல நிறைய குட்டி துகள் உருவாகணும், மெதுவா விட்டா முதல்ல உருவானது பெருசா வளரும் பின்னாடி வர்றது சின்னதா இருக்கும், சைஸ் கன்னாபின்னான்னு வரும். ஆரஞ்சா இருந்தது அடுத்த செகண்டே கறுப்பாயிடும், அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், அதனால ஹூட் (புகையை வெளிய இழுக்கிற கேபின்) உள்ளயேதான் பண்ணணும். 80 டிகிரில ஒரு மணி நேரம் அப்படியே ஓடட்டும். பிஎச் பேப்பர் வெச்சா 10க்கு மேல காட்டணும்.

நல்ல கறுப்பு வந்தா சரி. சாக்லேட் பழுப்போ செம்பழுப்போ வந்தா உள்ள ஆக்சிஜன் போயிருக்கு, அதை வெச்சு மேல போகாதீங்க. எல்லாம் சரியா நடந்தா கணக்குப்படி அதிகபட்சம் 2.3 கிராம் வரும். இந்த முறைல துகள் சுமார் 10 நானோமீட்டர்ல இருக்கும், அந்த சைஸ்ல மேக்னட்டை எடுத்ததும் காந்தத்தன்மை மறைஞ்சிடும், அதனாலதான் மேக்னட்டை எடுத்துட்டு குலுக்கினா திரும்ப கலங்குது. குலுக்கியும் கலங்காம கட்டியாவே கிடந்தா துகள் பெருசாயிடுச்சு, இல்லை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு.

3. கழுவுங்க, ஆனா காய வெக்காதீங்க

மேக்னட்டுல பிடிச்சு, தெளிஞ்சதை ஊத்திட்டு, நைட்ரஜன் விட்ட தண்ணில நாலு தடவை, எத்தனால்ல ரெண்டு தடவை. பிஎச் 7 வர்ற வரைக்கும் விடாம கழுவணும்னு சிலர் நிப்பாங்க, அந்த பிஎச் பக்கத்துலதான் மேக்னடைட் மேல சார்ஜ் கிட்டத்தட்ட இல்லாம போகுது, துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அமோனியா வாசனை லேசா இருக்கும்போதே நிறுத்திட்டு எத்தனாலுக்கு மாறிடுங்க.

இந்த ஸ்டெப்ல நான் பார்த்த தப்புதான் எல்லாத்துலயும் பெருசு. ஒரு பையன் ரொம்ப பொறுப்பா ராத்திரி முழுக்க ஓவன்ல வெச்சு காய வெச்சு, காலைல மார்ட்டர்ல அரைச்சு, எடை போட்டு டப்பால லேபிள் ஒட்டி வெச்சான். அதுக்கு அப்புறம் சிலிக்கா கோட்டிங் பண்ணி டெம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம்) எடுத்தா ஒரு பெரிய உருண்டைக்குள்ள நூத்துக்கணக்கான துகள், வெளிய ஒரே ஒரு சிலிக்கா போர்வை. ஒருதடவை காய்ஞ்ச மேக்னடைட்டை எவ்வளவு சோனிகேட் பண்ணாலும் பழைய மாதிரி தனித்தனியா பிரியாது.

அப்போ எடை எப்படி தெரியும்? எத்தனால் ஸ்லரியா (தூள் கலங்கின திரவமா) வெச்சுக்கோங்க, நல்லா குலுக்கி 1 மி.லி. எடுத்து முன்னாடியே எடை போட்ட குட்டி வயல்ல (சின்ன கண்ணாடி பாட்டில்ல) விட்டு அதை மட்டும் காய வெச்சு எடை பாருங்க. மூணு தடவை பண்ணி ஆவரேஜ். ஒரு மி.லி.ல எத்தனை மி.கி.னு தெரிஞ்சா போதும், மிச்சம் ஈரமாவே இருக்கட்டும்.

4. சிலிக்கா கோட்டிங்

சிலிக்கா எதுக்கு? வெறும் மேக்னடைட் ஆசிட்ல கரையும், காத்துல மெதுவா ஆக்சிடைஸ் ஆகும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். சிலிக்கா போர்வை இதெல்லாம் குறைக்குது, கூடவே மேல ஹைட்ராக்சில் குரூப் நிறைய தருது, அடுத்த ஸ்டெப்ல சிலேன் (ஆப்டெஸ்) பிடிச்சுக்கறது அதைத்தான்.

1 கிராம் அளவுக்கான ஸ்லரியை எடுத்து 200 மி.லி. எத்தனால், 50 மி.லி. தண்ணில அரை மணி நேரம் சோனிகேட் பண்ணுங்க. அப்புறம் 5 மி.லி. அமோனியா. அதுக்கு அப்புறம் 2 மி.லி. டியோஸை 20 மி.லி. எத்தனால்ல கலந்து ஒரு மணி நேரமா மெதுவா சொட்டு விடுங்க. ரூம் டெம்பரேச்சர், 12 மணி நேரம், மெக்கானிக்கல் ஸ்டிரர். டியோஸ் கண்ணுக்கு ஆகாது, கண்ணாடி போடாம பாட்டிலை திறக்காதீங்க.

முன்ன அமோனியாவை வேகமா ஊத்தச் சொன்னேன், இங்க டியோஸை மெதுவா விடச் சொல்றேன். ரெண்டுக்கும் காரணம் வேற. அங்க புதுசா துகள் உருவாகணும், இங்க ஏற்கனவே இருக்கிற துகள் மேல படியணும். வேகமா விட்டா சிலிக்கா தனியா உருண்டையா உருவாகிடும், உள்ள இரும்பே இல்லாத வெறும் சிலிக்கா.

இதை கண்ணாலயே கண்டுபிடிக்கலாம். மேக்னட் வெச்சு கறுப்பு ஒதுங்கினதுக்கு அப்புறம் மேல இருக்கிற திரவத்தை வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, சோறு வடிச்ச கஞ்சி மாதிரி லேசா வெள்ளையா தெரிஞ்சா அதுதான் இரும்பில்லாத சிலிக்கா. தெளிவா வர்ற வரைக்கும் எத்தனால்ல கழுவி ஊத்திடணும். இதை விட்டுட்டா ஆப்டெஸ் அது மேலயும் ஏறும், பல்லேடியம் அது மேலயும் ஏறும், கடைசில மேக்னட் அதை மட்டும் பிடிக்காது. கேட்டலிஸ்ட் முதல் சைக்கிள்லயே (முதல் ரவுண்டு யூஸ்லயே) திடீர்னு ஆக்டிவிட்டி இறங்குதேன்னு தலையைப் பிச்சுக்கிட்ட ரெண்டு பேருக்கு பிரச்சனை இங்கதான் இருந்துச்சு.

போர்வை முழுசா மூடியிருக்கான்னு பார்க்க ஒரு சிம்பிள் டெஸ்ட். கோட் பண்ணது 20 மி.கி., கோட் பண்ணாதது 20 மி.கி., ரெண்டையும் தனித்தனி வயல்ல 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ராத்திரி வெச்சுட்டு, காலைல மேக்னட் வெச்சு மேல இருக்கிறதுல ஒரு சொட்டு எடுத்து பொட்டாசியம் தயோசயனேட்டோட கலந்து பாருங்க. கோட் பண்ணாதது ரத்தச் சிவப்பா வரும். கோட் பண்ணது அதை விட ரொம்ப வெளிறி இருக்கணும். ரெண்டும் ஒரே சிவப்புன்னா போர்வைல ஓட்டை, டியோஸை இன்னொரு தடவை விடுங்க.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வெச்சு கிரிஸ்டல் அமைப்பை பார்க்கிறது) எடுத்தா காப்பர் கே ஆல்ஃபால 30.1, 35.5, 43.1, 57.0, 62.6 டிகிரி பக்கத்துல மேக்னடைட் பீக் அப்படியே இருக்கும், 20ல இருந்து 25 வரைக்கும் சிலிக்காவோட அகலமான மேடு ஒண்ணு சேரும். ஐஆர் (இன்ஃப்ராரெட்) ஸ்பெக்ட்ரம்ல 1080 செ.மீ⁻¹ பக்கத்துல பெரிய பேண்ட். ஆக்சிடைஸ் ஆன மேக்ஹெமைட்டுக்கும் கிட்டத்தட்ட இதே எக்ஸ்ஆர்டிதான் வரும், அதனால எக்ஸ்ஆர்டியை மட்டும் காட்டி மேக்னடைட்தான்னு அடிச்சு சொல்லிடாதீங்க, கலரையும் பாருங்க.

5. அமீன் ஒட்ட வைக்கிறது

இப்போ காய வெக்கலாம், வெக்கணும். 80 டிகிரி வேக்கம்ல ராத்திரி முழுக்க. அப்புறம் 1 கிராம் தூள், 60 மி.லி. ட்ரை டொலுவின், சோனிகேட் பண்ணி 1 மி.லி. ஆப்டெஸ், நைட்ரஜன்ல 110 டிகிரி ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளயே விழற மாதிரி கொதிக்க விடறது), 12 மணி நேரம்.

டொலுவின் நிஜமாவே ட்ரையா இருக்கணும். தண்ணி இருந்தா ஆப்டெஸ் தனக்குத்தானே சேர்ந்து பாலிமர் ஆகி வெள்ளையா கோந்து மாதிரி மிதக்கும், துகள் மேல ஏறாது, ஏறினாலும் தளர்வா ஒட்டி நிக்கும், கழுவும்போது பல்லேடியத்தையும் தூக்கிட்டுப் போயிடும்.

டொலுவின்ல ரெண்டு தடவை, எத்தனால்ல மூணு தடவை கழுவுங்க. சீக்கிரம் காயட்டும்னு அசிட்டோன் எடுக்காதீங்க, பிரைமரி அமீன் அசிட்டோனோட சேர்ந்து இமைன் ஆகிடும், நீங்க கஷ்டப்பட்டு ஒட்டின அமீன் குரூப் அங்கேயே மறைஞ்சிடும்.

செக் பண்ண நின்ஹைட்ரின். 5 மி.கி. தூளை நின்ஹைட்ரின் எத்தனால் சொல்யூஷன்ல கொஞ்ச நேரம் சூடு பண்ணுங்க, நீல ஊதா வந்தா அமீன் இருக்கு. கடைசியா கழுவின எத்தனாலையும் இதே மாதிரி டெஸ்ட் பண்ணுங்க. அதுலயும் ஊதா வந்தா நீங்க பார்க்கிறது ஒட்டாம மிச்சம் இருக்கிற ஆப்டெஸ், இன்னும் கழுவணும்னு அர்த்தம்.

6. பல்லேடியம் ஏத்துறது

1 கிராம் சப்போர்ட்டுக்கு (அமீன் போட்ட தூளுக்கு) 22.5 மி.கி. பல்லேடியம் அசிடேட், அதாவது 0.1 மில்லிமோல், பல்லேடியமா சுமார் 1 சதவீதம். இதுக்கு மேல ஏத்தினா நல்லா வேலை செய்யும்னு தோணும், ஆனா பிடிச்சுக்க அமீன் போதாம உதிரியா படிஞ்சு, அப்புறம் சுலபமா கழண்டு போகும். குறைவா ஏத்தினா பிடிப்பு நல்லா இருக்கும்.

சால்வென்ட் அசிட்டோநைட்ரைல். எத்தனால்ல கரைச்சு சூடு பண்ணவங்களுக்கு எத்தனாலே பல்லேடியத்தை ரிட்யூஸ் பண்ணி கறுப்பா தனியா படிய வெச்சிடும், ஏற்கனவே ஃப்ளாஸ்க்ல எல்லாம் கறுப்பா இருக்கிறதால அது கண்ணுக்கே தெரியாது. 30 மி.லி.ல சப்போர்ட்டை சோனிகேட் பண்ணி, 10 மி.லி.ல கரைச்ச அசிடேட்டை மெதுவா விட்டு, ரூம் டெம்பரேச்சர்ல 12 மணி நேரம் ஸ்டிர் பண்ணுங்க. மேக்னட் வெச்சு மேல பாருங்க, ஆரஞ்சு மஞ்சளா போனது நிறமில்லாம ஆகியிருக்கணும்.

அந்தத் திரவத்தையும் கழுவின திரவத்தையும் கொட்டாதீங்க! சேர்த்து அளந்து வெச்சுக்கோங்க, ஐசிபி அல்லது ஏஏஎஸ்க்கு (மெட்டல் எவ்வளவு இருக்குன்னு அளக்கிற மெஷின்) அனுப்பணும். போட்டதுல இருந்து இதுல மிச்சம் இருக்கிறதை கழிச்சா ஏறினது எவ்வளவுன்னு தெரியும். கூடவே 10 மி.கி. தூளை அக்வா ரீஜியால (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலவைல) டைஜஸ்ட் பண்ணி நேராவும் பாருங்க, ரெண்டு நம்பரும் கிட்டத்தட்ட ஒத்துப் போகணும். டைஜஸ்ட் பண்ணும்போது சிலிக்கா கரையாம வெள்ளையா நிக்கும், அதை ஃபில்டர் பண்ணிட்டு கொடுங்க, இல்லைன்னா மெஷின் டியூப் அடைச்சுக்கும்.

அடுத்து தண்ணிக்கு மாத்தி, ஐஸ் பாத்ல வெச்சு, 40 மி.கி. சோடியம் போரோஹைட்ரைடை 10 மி.லி. ஐஸ் தண்ணில அப்பவே கரைச்சு சொட்டு சொட்டா விடுங்க. ஹைட்ரஜன் வரும், மூடி போடக் கூடாது, பக்கத்துல நெருப்பு கூடாது. 2 மணி நேரம், அப்புறம் தண்ணி, எத்தனால், 60 டிகிரி வேக்கம்.

7. முதல்ல மஞ்சள் கலர் டெஸ்ட்

நேரா கப்ளிங், அதாவது ரெண்டு மூலக்கூறை ஒண்ணா இணைக்கிற, ரியாக்‌ஷனுக்கு ஓடாதீங்க. 4-நைட்ரோஃபீனால் டெஸ்ட் பத்தே நிமிஷத்துல சொல்லிடும். 0.1 மில்லிமோலார் சொல்யூஷன்ல புதுசா கரைச்ச போரோஹைட்ரைடை நூறு மடங்கு விட்டா 317 நானோமீட்டர்ல இருந்த ஒளி உறிஞ்சுற பீக் 400க்கு போய் நல்ல மஞ்சள் ஆகும். கேட்டலிஸ்ட் இல்லைன்னா அந்த மஞ்சள் அப்படியே நிக்கும். உங்க தூளை ஸ்லரியாக்கி அதுல ஒரு துளி விட்டா 400 இறங்கி 300 பக்கத்துல அமினோஃபீனால் பீக் ஏறும்.

கண்ட்ரோல் மூணு ஓட்டணும்: வெறும் மேக்னடைட், சிலிக்கா போட்டது, அமீன் வரைக்கும் போட்டது. பல்லேடியம் இல்லாததுலயும் வேகமா மஞ்சள் போச்சுன்னா உங்க கண்ணாடி சாமான்ல பழைய மெட்டல் ஒட்டியிருக்கு.

8. சுசூகி கப்ளிங் ஓட்டுறது

4-புரோமோஅனிசோல் 1 மில்லிமோல், ஃபீனைல்போரானிக் ஆசிட் 1.2, பொட்டாசியம் கார்பனேட் 2, எத்தனால் தண்ணி பாதிக்குப் பாதி 10 மி.லி., கேட்டலிஸ்ட் 50 மி.கி. இதுல பல்லேடியம் 0.5 மோல் சதவீதம். 75 டிகிரி, ஷேக்கர்ல. ஸ்டிர் பார் தவிர வேற வழியே இல்லைன்னா போடுங்க, ஆனா அது அடில சிலிக்காவை அரைக்கும், கடைசில பாரை வெளிய எடுத்து வலுவான மேக்னட் மேல வெச்சு எத்தனால்ல கழுவி ஒட்டினதை மீட்கணும்.

பேஸா சோடியம் ஹைட்ராக்சைடு வேணாம். சூடான காரத்துல சிலிக்கா கரையும். கார்பனேட்டே கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும், அதனால தேவைக்கு மேல மணிக்கணக்கா சூட்ல விடாதீங்க.

9. பிடிச்சு எடுக்கிறது

ரியாக்‌ஷன் முடிஞ்சதும் அப்படியே ஆற விட்டா 4-மெத்தாக்ஸிபைஃபீனைல் வெள்ளையா படிய ஆரம்பிக்கும், கறுப்புத் தூளை உள்ள வெச்சே படியும். அப்புறம் மேக்னட் வெச்சா பாதி வரும் பாதி கிரிஸ்டலோட தங்கிடும். அதனால வெதுவெதுப்பா இருக்கும்போதே எத்தில் அசிடேட் விட்டு புராடக்ட்டை கரைச்சுட்டு அப்புறம் மேக்னட் வெயுங்க. சாதாரண நியோடிமியம் மேக்னட் 80 டிகிரிக்கு மேல போனா சக்தி இழக்கும், கொதிக்கிற ஃப்ளாஸ்க்ல ஒட்டி வெக்காதீங்க.

குறுகலான, மெல்லிய கண்ணாடி வயல் நல்லது. மேக்னட் இழுப்பு தூரம் கூடக் கூட சட்டுனு குறையும், பெரிய உருண்டை ஃப்ளாஸ்க்ல நடுவுல மிதக்கிறது வந்து சேர ரொம்ப நேரம் ஆகும். திரவம் கண்ணாடி மாதிரி தெளியற வரைக்கும் பொறுங்க, பழுப்பா இருக்கும்போதே ஊத்தினா சின்ன துகள் எல்லாம் போச்சு.

எத்தில் அசிடேட் ரெண்டு தடவை, தண்ணி ரெண்டு தடவை, எத்தனால் ரெண்டு தடவை. தண்ணியை விட்டுடாதீங்க, கார்பனேட் உப்பு மேல படிஞ்சு வழியை அடைச்சுக்கும்.

வேற வயலுக்கு மாத்த வேணாம். 50 மி.கி.ல ஒவ்வொரு தடவையும் 2 மி.கி. சிந்தினாலே 4 சதவீதம், அஞ்சு தடவைல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு போயிடும், அப்புறம் கேட்டலிஸ்ட் செத்துடுச்சுன்னு தப்பா எழுதுவீங்க. அதே வயல்லயே அடுத்த ரவுண்டுக்கு கெமிக்கல் போடுங்க.

10. நிஜமாவே திரும்ப வேலை செய்யுதா

அஞ்சு சைக்கிள், எல்லாத்துலயும் 95க்கு மேல ஈல்டுன்னு ஒரு டேபிள் கொண்டு வந்தா ஒரு பொண்ணு, முகமெல்லாம் சந்தோஷம். எவ்வளவு நேரம் ஓட்டினன்னு கேட்டேன், 6 மணி நேரம்னா. முதல் சைக்கிள் ஒரு மணி நேரத்துலயே முடிஞ்சிருக்கு. அதாவது ஆக்டிவிட்டி ஆறுல ஒரு பங்கா குறைஞ்சிருந்தாலும் டேபிள்ல தெரியாது. திரும்ப 10 நிமிஷத்துக்கு ஒருதடவை சாம்பிள் எடுத்து பார்த்தப்போ நாலாவது சைக்கிள்ல வேகம் பாதிக்கு கீழ போயிருந்துச்சு. அதனால முதல் சைக்கிள்ல 40, 50 சதவீதம் வர்ற நேரத்தை கண்டுபிடிச்சு, எல்லா சைக்கிளையும் அந்த நேரத்துல ஒப்பிடுங்க.

அடுத்தது சூட்டோட பிரிக்கிற டெஸ்ட். பாதி முடிஞ்ச நிலைல, ஆற விடாம, கேட்டலிஸ்ட்டை மேக்னட்ல ஒதுக்கி, திரவத்தை முன்னாடியே சூடு பண்ணி வெச்ச இன்னொரு வயலுக்கு மாத்தி, ரியாக்‌ஷனை தொடர விடுங்க. இதுக்கு சமேரியம் கோபால்ட் மேக்னட் வேணும், அது சூடு தாங்கும். ஆற விட்டா ஏன் ஆகாதுன்னா, பல்லேடியம் சூட்ல கரைஞ்சு வெளிய வந்து வேலையை முடிச்சுட்டு ஆறும்போது திரும்ப சப்போர்ட்ல போய் படியற வழக்கம் இந்த மாதிரி கப்ளிங்ல நல்லாவே தெரிஞ்ச விஷயம். கேட்டலிஸ்ட் இல்லாமலும் ரியாக்‌ஷன் முன்னேறினா கரைஞ்ச பல்லேடியம்தான் வேலை செய்யுது. முன்னேறலைன்னாலும் அதை மட்டும் நம்பாதீங்க, புராடக்ட்ல பல்லேடியம் எவ்வளவுன்னு ஐசிபில பாருங்க. மருந்துக்கு போற வேலைன்னா இது இன்னும் முக்கியம், ஐசிஎச் கியூ3டிங்கிற சர்வதேச மருந்துத் தர வழிகாட்டிப்படி வாய்வழி மருந்துல பல்லேடியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் வரைக்கும்தான், 10 கிராம் டோஸ்னா 10 பிபிஎம்.

ஐசிபில இரும்பையும் சேர்த்து கேளுங்க. இரும்பும் பல்லேடியமும் ரெண்டும் வந்தா போர்வை உடையுது, நாலாவது ஸ்டெப்பை பாருங்க. பல்லேடியம் மட்டும் வந்தா பிடிப்பு பத்தலை, அமீன் இருக்கிற இடத்துல தயோல் சிலேன் (சல்ஃபர் இருக்கிற சிலேன்) போட்டு பார்க்கலாம், ஆனா சல்ஃபர் ரொம்ப இறுக்கிப் பிடிச்சா ஆக்டிவிட்டியே குறையும். ரெண்டுமே வரலை, ஆனாலும் வேகம் குறையுதுன்னா சிந்தியிருக்கும், இல்லை மேல ஏதோ படிஞ்சிருக்கும், இல்லை பல்லேடியம் துகள் ஒண்ணு சேர்ந்து பெருசாயிருக்கும். யூஸ் பண்ணதோட டெம் எடுத்தா அது தெரியும்.

11. வெக்கிறதும் அப்புறப்படுத்துறதும்

காய்ஞ்ச தூளை டெசிகேட்டர்ல, தேதியும் பேட்ச் நம்பரும் எழுதி வெயுங்க. எடை போடும்போது மாஸ்க், ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க, காய்ஞ்ச நானோ தூள் கண்ணுக்குத் தெரியாம பறக்கும். ஒவ்வொரு பேட்ச்லயும் 50 மி.கி.யை தொடாம ஒதுக்கி வெயுங்க, அஞ்சாவது சைக்கிள் கழிச்சு எது மாறிச்சுன்னு ஒப்பிட அது ஒண்ணுதான் உங்ககிட்ட இருக்கும்.

செத்த கேட்டலிஸ்ட், கழுவின தண்ணி, ஐசிபிக்கு அனுப்பினது போக மிச்சம் எதையும் சிங்க்ல ஊத்தாதீங்க. பல்லேடியம் வேஸ்ட்னு தனி பாட்டில் வெச்சு சேருங்க, நிறைஞ்சதும் மெட்டல் ரெகவரிக்கு கொடுத்துடலாம்.